ஞாயித்துக்கிழமை என் பாடு

ஒரு ஆம்பிளை இன்னொரு ஆம்பிளையைப் பாத்துப் பொறாமைப்படலாம். அதுல ஒரு மரியாதை இருக்குது. நான் ஒரு பெட்டியைப் பாத்துப் பொறாமைப்பட்டேன். டிவியோட கம்பி போட்டு இழுத்து வெச்ச ஒரு பெட்டி. அதுக்கு மீசை கிடையாது, வேட்டி கிடையாது, வெத்தலை போடத் தெரியாது. ஆனா என் பொண்டாட்டி வசந்தா அதைப் பாத்த பார்வையில கால்வாசி கூட என்னை ஒரு நாளும் பாத்ததில்லை. பொண்ணு பாக்கப் போன அன்னிக்கே என்னைப் பாக்காம, நான் வாங்கினு போன வாழைப்பழத்தைத்தான் பாத்தா.

அந்தப் பெட்டியைத் தூக்கி ஏரியில போட்டுடறதுன்னு முடிவு பண்ணேன். முடிவு பண்றதுல எங்க வீட்ல எனக்கு எந்தத் தடையும் கிடையாது. அதுக்கு அப்புறம்தான் தடையெல்லாம்.

என் பேர் செங்கல்வராயன். பழவேற்காட்டுல, ஏரிக்கரைக்குப் போற வழியில எங்க வீடு. பானை, சட்டி, கலயம் வனையறது பரம்பரைத் தொழில். வலையில கட்டுற மண் குண்டும் செய்வேன், கோட்டைக்குப்பத்துக்காரங்க வந்து கூடை கூடையா அள்ளினு போவாங்க. தொழில் மேல எனக்கு மரியாதை ஜாஸ்தி. அதனால அதை அடிக்கடி தொட மாட்டேன். அரிசிப் பானையில கையை விட்டா நகம் அடியில இடிக்கணும். அன்னிக்குத்தான் சக்கரத்துல உக்காருவேன். மத்த நாள்ல கௌஸ் மைதீன் பாயோட சைக்கிள் கடையில கேரம் ஆடுவேன். ஞாயித்துக்கிழமைன்னா காலையில போனா பொழுது சாய வருவேன்.

பானையை நான் வனைவேன். மேல பூச்சும் படமும் வசந்தா வேலை. கொஞ்ச நாளா அவ புதுசா ஒரு படம் போட்டுக்கினு இருந்தா. வெள்ளைப் பூச்சு மேல காப்பிக் கலர்ல மரம். ஒரு தண்டு. தண்டுல கிளை. கிளையில சின்னக் கிளை. அதுல இன்னும் பொடிசு, அதுல இன்னும் பொடிசு, கடைசியில முடி மாதிரி. எந்தக் குச்சியால இவ்ளோ பொடிசா வரைய முடியும்னு எனக்குப் புரியவே இல்லை.

"எப்படிடி போடுற இதை?"

"உனக்கு இன்னாத்துக்குயா அதெல்லாம்? நீ பானையை ஓட்டை இல்லாம வனை, போதும்."

நான் கேரம் ஆடப் போன நேரமாப் பாத்து அதைப் போடுவா. நானும் விட்டுட்டேன். ஒரு மனுஷன் சிவப்புக் காயையும் பாத்துக்கினு சம்சாரத்தையும் பாத்துக்கினு இருக்க முடியாது.

அந்த நேரத்துலதான் ஆபிரகாம் சார் வந்தாரு.

எங்க பக்கத்து வீடு ஜெசிந்தா டீச்சர் வீடு. டீச்சரோட தம்பி இந்த சார். மெட்ராஸ்ல பசங்களுக்குக் கம்ப்யூட்டர் சொல்லிக்குடுக்கிற உத்தியோகம். எண்பத்தேழு பொங்கலுக்கு அப்புறம் ஞாயித்துக்கிழமை தவறாம அக்கா வீட்டுக்கு வர ஆரம்பிச்சாரு. ஒரு ஞாயித்துக்கிழமை பூசை முடிஞ்சு மாதா கோயில்லயிருந்து வந்தவரு, எங்க வேலியோரம் காயுற பானையைப் பாத்து அப்படியே நின்னுட்டாராம். கேரம் முடிஞ்சு நான் வீட்டுக்கு வரேன், எங்க வாசல்ல எங்க பாயில என் பொண்டாட்டியும் அவரும் எதிரும் புதிருமா குந்திக்கினு ஒரு நீளக் காகிதத்தை விரிச்சு வெச்சுப் பாத்துக்கினு இருக்காங்க. ரெண்டு ஓரமும் ஓட்டை போட்டு, நடுவுல மரம் அச்சடிச்ச காகிதம். நான் வந்ததை ரெண்டு பேரும் பாக்கலை. கோழி பாத்துச்சு.

"இந்த ஒரு கிளையை மட்டும் விட்டுட்டு மத்ததைக் கையால மறைங்கம்மா. இப்ப பாருங்க. முழு மரமும் இதுக்குள்ளயே இருக்கா?"

"ஆமா சார்."

"இப்ப இந்தக் குச்சியை மட்டும் பாருங்க."

"இதுலயும் அதே மரம் சார்."

"அதுக்குள்ள இருக்கிற பொடிக் குச்சி?"

"அதே மரம்." வசந்தா குரல் இறங்கிப் போச்சு. சாமி முன்னாடி பேசுற குரல். "ஏரி வத்தும்போது சேத்துல தண்ணி ஓடின தடம் இப்படித்தான் சார் இருக்கும். பெருசு எப்படியோ அப்படியே சிறுசும்."

"அதேதாம்மா. நீங்க பானையில போட்டிருக்கிறதும் அதேதான். இதை என் மெஷின்ல வரவைக்க மாசக்கணக்கா மல்லுக்கட்டுறேன். இதுக்கு ஃபிராக்டல்னு பேரு."

"ஃபிராக்டல்," அப்படின்னா வசந்தா.

நான் கனைச்சேன். சார் எழுந்து, "வணக்கம், நீங்கதான் வீட்டுக்காரரா?"ன்னாரு. அவரு பல்லு ஒண்ணொண்ணும் அரிசி மாதிரி வெள்ளையா இருந்துச்சு. அதுவே எனக்குச் சரியாப் படலை.

அன்னியிலயிருந்து அந்த வார்த்தை எங்க வீட்ல குடி வந்துடுச்சு. முருங்கைக் கீரையை உருவுவா, "இதுவும் ஃபிராக்டல்தான்யா"ம்பா. பொன்னேரி மார்க்கெட்ல காலிஃபிளவர் பாத்துட்டு வந்து ஒரு நாள் பூரா அதையே பேசினா. புருஷன் பேரைச் சொல்லக் கூடாதுன்னு எங்காளுங்க பழக்கம். கட்டிக்கினு வந்த நாள்லயிருந்து என் பேரை அவ வாயால நான் கேட்டதில்லை. ரேஷன் கார்டு குடுக்கிற ஆபீஸ்ல கேட்டாக் கூட, கையால செங்கல் மாதிரி காட்டுவா. அந்த வாய் ஃபிராக்டல்னு நாளைக்கு நூறு தடவை சொல்லுது. எனக்கு வயிறு எரியுமா எரியாதா? நீங்களே சொல்லுங்க.

அடுத்த ஞாயித்துக்கிழமை சார் அந்தக் கம்ப்யூட்டர் பெட்டியை பஸ்ல மடியில வெச்சுக்கினு வந்து இறங்கினாரு. டீச்சர் வீட்டு டிவியில மாட்டினாரு. ஞாயித்துக்கிழமை காலையில டிவியில சாமி கதை வரும், தெருவே டீச்சர் வீட்ல கூடியிருக்கும். நானும் போனேன். கேரமுக்கு அன்னிக்கு லீவு. வசந்தா முன் வரிசை. தலையில கனகாம்பரம். எனக்காக அவ பூ வெச்சு எந்த ஜென்மத்துலயோ.

சார் ஒரு டேப் ரிக்கார்டரை எடுத்துப் பெட்டியில மாட்டி கேசட் போட்டாரு. பாட்டு வரும்னு பாத்தா கீய்ங்னு ஒரு கத்தல். அந்தக் கத்தல்லதான் பெட்டிக்கு வேண்டிய கணக்கெல்லாம் இருக்குதாம். மீன் விக்கிற பவுனம்மாள் காதைப் பொத்திக்கினு, "டீச்சரம்மா, சாமி எப்ப வரும்?"னு கேட்டா.

"கொஞ்சம் இருங்க பாட்டி, மரம் வரும்."

"மரம் எங்க வீட்லயே கீது. சாமியைப் போடச் சொல்லு."

டிவியில ஒரு கோடு வந்துச்சு. எல்லாரும் பாத்தோம். கோடு மேல ரெண்டு கோடு. அதுங்க மேல ரெண்டு ரெண்டு. அதுக்குள்ள பவுனம்மாள் ஒரு தூக்கம் போட்டு எழுந்துட்டா. மெதுவா மெதுவா மரம் வளருது. வசந்தா வாயைத் தொறந்தவ மூடலை. நான் அவளைப் பாத்தேன், அவ பெட்டியைப் பாத்தா, பெட்டி யாரையும் பாக்கலை. எனக்கு அழுகை வந்துச்சு. இவளை ஆச்சரியப்படுத்தணும்னு ஒரு தடவை நான் கேரம்ல ஜெயிச்சு வாங்கின சோப்பு டப்பாவைக் கொண்டாந்து குடுத்தேன். மூடி லூசா இருக்குதுன்னா.

கரெக்டா பாதி மரத்துல கரெண்ட் போயிடுச்சு. எங்க ஊர் கரெண்ட்டை அன்னிக்கு ஒரு நாள்தான் நான் மனசார வாழ்த்தினேன். ஆனா வசந்தா என்ன பண்ணா தெரியுமா? முந்தானையில முடிஞ்சு வெச்ச, மரம் போட்ட உடைஞ்ச சட்டித் துண்டை எடுத்து, "மீதி மரம் இப்படித்தான வரும் சார்?"னு நீட்டினா. சார் அதை வாங்கி வெளிச்சத்துல திருப்பித் திருப்பிப் பாத்து, "வரப்போற மரமே இதுதான்"ன்னாரு. தெருவே கை தட்டுச்சு. நான் மட்டும் தட்டலை. எல்லாரும் பாக்குறாங்களேன்னு அப்புறம் தட்டினேன்.

நேரா பாய் கடைக்குப் போனேன்.

"பாய், எனக்கு வயிறு எரியுது."

"சோடா குடி."

"அந்த எரிச்சல் இல்ல பாய்." எல்லாத்தையும் சொன்னேன். அந்தப் பெட்டியைத் தூக்கி ஏரியில போடப் போறேன்னும் சொன்னேன்.

பாய் ஒரு டியூபுக்குக் காத்தடிச்சுக்கினே கேட்டாரு. "பெட்டியை ஏரியில போட்டா வேற பெட்டி வாங்குவான். அதை விடு. கோட்டைக்குப்பத்துல ஏரியைப் பாடு பிரிக்கிறாங்களே, அது எப்படினு தெரியுமா உனக்கு?"

"இது தெரியாதா? ஒவ்வொருத்தருக்கும் முறை வெச்சு இடம் விடுவாங்க. இன்னிக்கு இவன் பாடுன்னா இவன்தான் அங்க வலை போடணும். வேற யாரும் போடக் கூடாது."

"அவன் பாடு அன்னிக்கு அவன் போகாம வீட்ல தூங்கினான்னா?"

"இடம் சும்மா கிடக்கும்."

"இடம் கிடக்கும். மீன் கிடக்குமா நைனா? ஞாயித்துக்கிழமை உன் பாடு. நீ இன்னாடான்னா இங்க குந்திக்கினு காய் தள்ளினு கீற. அங்க..." பாய் டியூபைத் தண்ணியில அமுக்கினாரு. குமிழி குமிழியா வந்துச்சு.

அந்தக் குமிழியைப் பாத்ததும் எனக்குப் புத்தி வந்துடுச்சு. இனிமே ஞாயித்துக்கிழமை வீட்டை விட்டு நகர்றதில்லை. ஆனா காவல் காக்கிறவன் காவல் காக்கிற மாதிரி தெரியக் கூடாது. சும்மா வாசல்ல குந்தினா கண்டுபிடிச்சிடுவா. அதனால சக்கரத்துல உக்காந்தேன். சக்கரத்துலயிருந்து பாத்தா எங்க வாசல், டீச்சர் வாசல், பஸ் வர்ற ரோடு, மூணும் தெரியும்.

"இன்னாயா, பாய் கடை லீவா?"

"தொழில்னு ஒண்ணு இருக்குதுல்ல. ஞாயித்துக்கிழமைன்னா தொழில் செய்யக் கூடாதா?"

வசந்தா டக்குனு சுவத்துப் பக்கம் திரும்பிக்கினா. தோள் ரெண்டும் குலுங்குச்சு. புருஷன் பொறுப்பு வந்து மண்ணைத் தொட்டதைப் பாத்து அழறான்னு நெனச்சேன்.

சார் வந்தாரு. என் பானையைப் பாத்து அழகா இருக்குதுன்னாரு. நான் சக்கரத்தை இன்னும் வேகமாச் சுத்தினேன். வசந்தா மடவை மீன் குழம்பு வெச்சு அவருக்கு ஊத்தினா. எங்க வீட்ல மடவைத் தலை எனக்குத்தான் வரும். அன்னிக்கு சார் தட்டுக்குப் போச்சு. அவருக்குத் தலையைச் சாப்பிடவே தெரியலை, முழுசா ஒதுக்கி வெச்சாரு. நான் அதைப் பாத்துக்கினே ஒரு கலயத்தை வனைஞ்சேன். வாய் கோணிப் போச்சு, என் வாயும் கலயத்து வாயும்.

அதோட விட்டதா? திங்கக்கிழமை சாயங்காலம் வசந்தா சொல்றா, "நாளைக்கு ஏதோ லீவாம்யா. சார் வந்தாலும் வருவாரு."

செவ்வாக்கிழமையும் சக்கரத்துல உக்காந்தேன். சார் வரலை. "வியாழக்கிழமை வந்தாலும் வருவாரு"ன்னா. வியாழக்கிழமையும் உக்காந்தேன். காவலுக்குக் குந்தினா கை சும்மா இருக்குமா? மண் தீந்து போகும். மண் தீந்தா போய் மிதிக்கணும். மிதிக்கிற இடத்துலயிருந்து ரோடு தெரியாது, அதனால வாசல்லயே மண்ணைக் கொட்டி மிதிச்சேன். இவ்ளோ மண்ணை எங்க நைனா கூட மிதிச்சிருக்க மாட்டாரு. எனக்கு இடுப்பு விட்டுப் போச்சு. பாய் கடைப் பக்கம் எட்டிப் பாக்க நேரமில்லை. பானை மட்டும் வாசல், கொல்லை, கூரை ஓரம்னு அடுக்கடுக்காச் சேந்துக்கினே போச்சு.

ஈஸ்டர் வந்துச்சு, போச்சு. யோசிச்சுப் பாத்தா சார் வந்து ரொம்ப நாளாயிருந்துச்சு. காவலாளி சக்கரத்துல உக்காந்திருக்கிறதைப் பாத்து ஆள் மிரண்டுட்டாருன்னு எனக்கு ஒரே பெருமை. மீசையைக் கூட முறுக்கி விட்டேன், கையில மண் இருந்ததை மறந்துட்டு. ஆனா காவலை எடுக்க முடியலையே. ஞாயித்துக்கிழமை ஆனா வசந்தா குளிச்சு, கனகாம்பரம் வெச்சு, வேலியைப் புடிச்சுக்கினு ரோட்டைப் பாக்குறா.

"யாரைடி பாக்குற?"

"ஒண்ணுமில்ல."

அந்த ஒண்ணுமில்லைக்கு நான் அன்னிக்கு மட்டும் எவ்ளோ பானை வனைஞ்சேன் தெரியுமா.

அப்பதான் எனக்கு வேற யோசனை வந்துச்சு. சார் எதுக்கு வராரு? மரத்துக்கு. மரம் யாருக்குத் தெரியும்? இவளுக்கு. அந்த மரத்தை நான் கத்துக்கினா? சார் வந்தா என்கிட்டத்தான குந்தணும்? இவ கிட்ட அவருக்கு என்ன வேலை? எனக்கு என்னையே கட்டிப் பிடிச்சுக்கணும் போல இருந்துச்சு.

இன்னொரு சந்தேகமும் இருந்துச்சு. வெத்தலையோட போடுற என் புகையிலை குறைஞ்சுக்கினே வந்துச்சு. நான் போடுறதை விட வேகமாப் போவுது. இவ எடுத்து சாருக்குக் குடுக்கிறாளோன்னு நெனச்சேன். ஆனா அந்த வெள்ளைப் பல்லு புகையிலை போடுற பல்லா?

ஒரு நாள் காலையில, "சக்கரம் நின்னு சுத்துற முளை தேஞ்சு போச்சு, பொன்னேரி போய் வாங்கியாறேன்"னு சொல்லிட்டு பஸ் ஏறினேன். அடுத்த ஸ்டாப்புல இறங்கி ஏரிக்கரையோரமா நடந்து, கொல்லைப் பக்கம் வந்து, எங்க சூளைக்குள்ள இறங்கினேன். வட்டமா மண்ணு சுவர் எடுத்த சூளை, மேல தொறப்பு. கீழ நெருப்புப் போடுற வாய் வழியாப் பாத்தா, அவ வேலை செய்யிற கொட்டகை நல்லாத் தெரியும். குந்திக்கினேன். கண்ணு, மூக்கு, வாயெல்லாம் சாம்பல். தும்மல் வந்துச்சு, முழுங்கினேன்.

வசந்தா வந்தா. ஒரு பானையை வெள்ளை மண்ணு கரைச்ச பூச்சுல முக்கி எடுத்தா. ஈரம் காயறதுக்குள்ள அதைத் தலைகீழாப் புடிச்சா. பக்கத்துல ஒரு கிண்ணியில ஏதோ காப்பிக் கலர் தண்ணி. ஈர்க்குச்சியால தொட்டு ஒரு சொட்டு விட்டா, அவ்ளோதான். அந்தச் சொட்டு ஓடுது. ஓடும்போதே பிரியுது. பிரிஞ்சது மறுபடி பிரியுது. கண்ணு மூடித் தொறக்கிறதுக்குள்ள ஒரு மரம். அவ ஒரு கோடு கூடப் போடலை. பெட்டியில அவ்ளோ நேரம் வளந்த மரம், இங்க ஒரு சொட்டுல தானா முளைக்குது. கிண்ணிக்குப் பக்கத்துல என் புகையிலைப் பொட்டலம் கிடந்துச்சு.

அப்புறம் அவ எழுந்தா. வைக்கோல் ஒரு கத்தையை எடுத்துக்கினு சூளைக்கு வந்தா. சூளை வாயில திணிச்சா. எனக்கு வெளிய எதுவும் தெரியலை. தீப்பெட்டி கிலுகிலுன்னு சத்தம் கேட்டுச்சு.

"வசந்தா," அப்படின்னேன்.

"யாரு உள்ள?"

"நான்தான்."

"நான்தான்னா?"

"உன் புருஷன்டி."

"என் புருஷன் பொன்னேரி போயிருக்காரு. முளை வாங்க."

"போகலை. இங்கதான் இருக்கேன்."

"யாரோ திருடன் பொய் சொல்றான். என் புருஷன்னா பேர் இன்னா சொல்லு பாக்கலாம்."

"உனக்குத்தான் தெரியுமே."

"எனக்குத் தெரியும். நான் சொல்லக் கூடாது. நீ சொல்லு."

"செங்கல்வராயன்."

"நைனா பேரு?"

"வசந்தா, புகையுது."

"இன்னும் பத்தவே வைக்கலையே. அது உன் சாம்பல்தான். வெளிய வாயா, குளிச்சுட்டு சோறு துன்னு."

மூஞ்சியெல்லாம் கரியா நான் வெளிய வந்தேன். கோழிங்க ஓடிச்சுங்க. நான் சூளைக்குள்ள இறங்கும்போதே பாத்துட்டாளாம். என் செருப்பு வெளியவே இருந்துச்சாம். சோறு போட்டுக்கினே, கேக்காமலே சொன்னா.

"புகையிலையைக் கொதிக்க வெச்சு, புளிச்ச கஞ்சித் தண்ணியில கலந்து, கொஞ்சம் காவி போடணும். அவ்ளோதான்யா. இதைக் கண்டுபிடிச்சது நான் இல்ல. நீதான்."

"நானா?"

"ஒரு நாள் வெத்தலையும் புகையிலையும் போட்டுக்கினு வெளிய துப்புறேன்னு துப்புன. வேலியைத் தாண்டலை. ஒரு சட்டியோட ஈரப் பூச்சு மேல பட்டுச்சு. வாயில வந்தபடி திட்டலாம்னு வந்தேன். பாத்தா மரம்."

எனக்குச் சோறு இறங்கலை. சந்தோஷத்துல. மெட்ராஸ் சார் மாசக்கணக்கா மல்லுக்கட்டின மரம். தெருவே கை தட்டின மரம். இவ வாயைத் தொறந்து பாத்த மரம். அது என் எச்சில்.

"சாருக்குத் தெரியுமா இது?"

"சொல்லலை."

"ஏன் சொல்லலை?"

"அவரு சாப்பிட்ட குழம்பு வெச்சது நீ துப்புன அந்தச் சட்டியில."

எனக்கு அதெல்லாம் ஒரு காரணமாவே படலை. சார் வரட்டும். வந்து அந்தப் பாயில குந்தட்டும். "சார், ஃபிராக்டல்னா இன்னான்னு நினைச்சீங்க, நான்தான் சார் ஃபிராக்டல்"னு அவரு எதிர்ல சொல்லணும். அதை வசந்தா பக்கத்துல நின்னு கேக்கணும். அந்தப் பெட்டியைப் பாத்த பார்வையை ஒரே ஒரு தடவை என் பக்கம் திருப்பணும். வேற ஒண்ணும் நான் கேக்கலை.

நானே சொட்டு விட்டுப் பாத்தேன். எனக்கு மரம் வரலை, சாணி வரட்டி மாதிரி வந்துச்சு. சரி, துப்புறது என் பொறுப்பு, பானையைப் புடிக்கிறது அவ பொறுப்புன்னு பிரிச்சுக்கலாம்னு முடிவு பண்ணேன். சார் எதிர்ல செஞ்சு காட்டப் பானை நிறைய வேணும்ல? இன்னும் வனைஞ்சேன். முன்னாடி அவரு வரக் கூடாதுன்னு வனைஞ்சேன், இப்ப வரணும்னு வனைஞ்சேன். இடுப்புக்கு ரெண்டும் ஒண்ணுதான்.

"இந்த ஞாயித்துக்கிழமை வருவாரா?"

"வந்தாலும் வருவாருயா."

ஆனி போச்சு. ஆடி பொறந்துச்சு. பொறுக்க முடியலை. ஒரு ஞாயித்துக்கிழமை வெள்ளை வேட்டி கட்டி, வாயில வெத்தலையை அடக்கிக்கினு நானே டீச்சர் வீட்டுக்குப் போனேன்.

"டீச்சர், உங்க தம்பி எப்ப வராரு?"

"ஆபிரகாமா? அவன் எங்க வரப்போறான்? பெங்களூர்ல பெரிய வேலை கிடைச்சு ஈஸ்டருக்கு முன்னாடியே போயிட்டானே. வசந்தாதான் வழிக்குப் புளிசாதம் கட்டிக் குடுத்து விடியக்காலை பஸ் ஏத்திவிட்டா. உங்களுக்குச் சொல்லலையா?"

வெத்தலையை முழுங்கிட்டேன்.

வீட்டுக்கு வந்தேன். வசந்தா பானையை எண்ணி அடுக்கிக்கினு இருந்தா.

"சார் ஊரை விட்டுப் போனது உனக்குத் தெரியுமா?"

"தெரியுமே."

"அப்ப பூ வெச்சுக்கினு ரோட்டைப் பாத்தது?"

"பூ வெச்சவ ரோட்டைப் பாக்கக் கூடாதா?"

"செவ்வாக்கிழமை வருவாரு, வியாழக்கிழமை வருவாருன்னு சொன்னது?"

"வருவாருன்னு எங்கயா சொன்னேன்? வந்தாலும் வருவாருன்னேன்."

"எதுக்குடி இதெல்லாம்?"

அவ ஒரு பானையைத் தட்டிப் பாத்து, காதுல வெச்சுக் கேட்டு, கீழ வெச்சா. "போன ஆவணியில முகூர்த்தத்துக்குப் பானை கேட்டு கல்யாண வீட்டுக்காரங்க வாசல்ல வந்து நின்னாங்க. நீ கேரம் ஆடினு இருந்த. நான் கையை விரிச்சு அனுப்பினேன். வெக்கமா இருந்துச்சுயா. இந்த ஆவணிக்கு அப்படி ஆகக் கூடாதுன்னு நெனச்சேன். இப்ப பாரு."

பாத்தேன். கொல்லை பூரா பானை. ஏரிப் பக்கம் போற வழியே மறைஞ்சு போச்சு. எல்லாத்துலயும் மரம். எல்லாம் என் பொறாமையில வனைஞ்சது. ஒண்ணுல கூட ஓட்டை இல்லை.

அப்பதான் எனக்கு இன்னொண்ணு உறைச்சுது. "பாடு கதை? பாய் சொன்ன பாடு கதை? அவரு ஏரியில காலைக் கூட நனைச்சதில்லையே."

"நான்தான் முன்னாடியே சொல்லிக் குடுத்து வெச்சேன். பாவம், உன்னால அவரு கடையில பஞ்சர் போட வர்றவங்க குந்த இடமில்லையாம். ஒரு வார்த்தை மாறாமச் சொன்னாரா?"

"குமிழியோட சொன்னாரு."

எனக்கு வந்த கோவத்துக்கு அளவே இல்லை. துண்டை உதறித் தோள்ல போட்டேன். "இனிமே என்கிட்ட ஒண்ணும் நடக்காது. கேட்டுக்கோ. வர்ற ஞாயித்துக்கிழமை நான் கேரம் ஆடத்தான் போவேன். பாய் இல்லேன்னா வேற கடை. இந்தச் சக்கரத்தைக் கையால தொட மாட்டேன்."

"போயேன். உன்னை யாரு புடிச்சு வெச்சா?" வசந்தா அடுத்த பானையை எடுத்தா. "வர்ற ஞாயித்துக்கிழமை எனக்கே வேலை இருக்குது. மீன் ஆபீஸுக்குப் புதுசா ஒரு ஆபீஸர் வந்திருக்காராம். சின்ன வயசாம். பானையில மரம் பாக்கணும்னு சொல்லி அனுப்பியிருக்காரு. வந்தா நான் பாத்துக்கிறேன்."

மீன் ஆபீஸ்ல இருக்கிறவரு எனக்கு நல்லாத் தெரியும். தலை நரைச்ச மனுஷன், எங்கயும் போகலை, அன்னிக்குக் காலையில கூட டீக்கடையில பாத்தேன். புது ஆபீஸரும் இல்லை, சின்ன வயசும் இல்லை. பொய். சுத்தப் பொய். இவ்ளோ ஆனதுக்கு அப்புறமும் அதையே என்கிட்ட அவுத்து விடுறாளே, செங்கல்வராயன் அவ்ளோ மடையனான்னு நெனச்சுச் சிரிச்சேன். நல்லா வாய் விட்டுச் சிரிச்சேன். சிரிச்சு முடிச்சுக் கேட்டேன்:

"எத்தனை மணிக்கு வராராம்?"